சம்பளத்தைக் கேட்டால் சேவையைக் காட்டாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை வேலூரில் ஒரு மேடையில் ஒரு மூத்த டாக்டர் பேசியதை நீங்களும் பார்த்திருக்கலாம். பெண் டாக்டர்கள் பணத்துக்காக வருவதில்லை, சேவைக்காக வருகிறார்கள் என்றார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் பெயரையும் இழுத்தார். கூட்டம் கைதட்டியது, எனக்கு வயிறு எரிந்தது.

பெண் டாக்டர் இல்லாமல் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனதுதான் ஐடாவை டாக்டருக்குப் படிக்க வைத்தது. 1918இல் வேலூரில் அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளி பெண்களுக்கானது, ஆண்களைச் சேர்த்ததே 1947இல்தான். இந்த ஊரில் நின்றுகொண்டு பெண்ணுக்குச் சம்பளம் பெரிதில்லை என்று பேச எப்படி மனசு வருகிறது?

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராகச் சேர்ந்த அதே மாதம் என்னோடு படித்த பையனும் சேர்ந்தான். அதே கேஷுவாலிட்டி, அதே நைட் டியூட்டி, விபத்து கேஸ் வந்தால் தையல் போட்டுவிட்டு ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேடு எழுதுவதும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அவனுக்குச் சம்பளம் பத்தாயிரம் கூடுதல். நிர்வாகத்திடம் கேட்டதற்கு, "உங்களுக்கென்ன மேடம், வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார், அந்தத் தம்பி ரெண்டு தங்கச்சியைக் கரையேத்தணுமே" என்றார்கள். என் அப்பாவின் டயாலிசிஸ் செலவு என் தலையில்தான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

பெண்கள் குறைந்த நேரம் வேலை பார்க்கிறார்கள் என்று உடனே சிலர் வருவீர்கள். உலக சுகாதார நிறுவனமும் ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2022இல் வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். வயது, படிப்பு, வேலை நேரம் எல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் சுகாதார, பராமரிப்புத் துறையில் பெண்கள் ஆண்களைவிட சுமார் 24 சதவீதம் குறைவாக வாங்குகிறார்கள். உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்களில் 67 சதவீதம் பெண்கள்தான்! காசு வரும் சர்ஜரியைப் பெண்கள் அதிகம் எடுப்பதில்லை என்பீர்கள், சரி, அது ஓரளவு உண்மை. நான் பேசுவது ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் கொடுப்பதைப் பற்றி. அது கூடாது என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது. பேறுகால விடுப்பைச் சொல்லி வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை, பிள்ளை பெற்றதற்கு அபராதமா கட்டுவது?

டாக்டருக்கே இந்த நிலைமை என்றால் நர்ஸுகளுக்கு? குடியாத்தத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வரும் ஒரு நர்ஸ், டபுள் டியூட்டி முடிகிற நேரத்தில், டிரிப்ஸைக் கழற்றிக்கொண்டே, "பையனுக்கு ஃபீஸ் கட்டணும் மேடம், அட்வான்ஸ் கேட்டா கொடுப்பாங்களா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். பத்து வருஷ அனுபவம் உள்ளவர். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இனிமேல் வேலைக்குச் சேரும் தங்கச்சிகளே, கூடச் சேருகிற பையனுக்கு எவ்வளவு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தம்பிகளா, நீங்களும் மறைக்காமல் சொல்லுங்கப்பா.