சென்னை – சான் பிரான்சிஸ்கோ 16 மணி நேரமாம், யாருக்கு?

இணையத்தில் இரண்டு விமான நிலையத்தின் பேரைத் தட்டினால் தூரம் இவ்வளவு, பயண நேரம் இவ்வளவு என்று ஒரு கணக்கு வருகிறதே, அதை நம்பி எங்கள் திருநெல்வேலிப் பக்கம் வயசான ஆட்களை வண்டி ஏற்றி விடுகிறார்கள், வயிறு எரிகிறது.

சென்னை – சான் பிரான்சிஸ்கோ, கிட்டத்தட்ட 13,900 கி.மீ., 16 மணி நேரம். சரி, அந்த 13,900 எங்கிருந்து வந்தது? உருண்டையான பூமியின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே போடுகிற ஆகக் குறுகிய கோடு அது. அதை மணிக்கு 850, 900 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏற இறங்கக் கொஞ்சம் சேர்த்தால் முடிந்தது. அந்தக் கோட்டில் ஒரு விமானமாவது போகிறதா என்று பார்க்க வேண்டாமா? சென்னையிலிருந்து அங்கே நேர் விமானமே கிடையாது! துபாய் வழியாகப் போனால் அதுவரை 2,900, அப்புறம் 13,000, ஆக 16,000 கி.மீ. பக்கம் வந்துவிடுகிறது. வானத்தில் இருப்பதே 20 மணி நேரம், நடுவில் காத்துக் கிடப்பது தனி.

என் தங்கச்சி அங்கேதான் இருக்கிறாள். "பதினாறு மணி நேரம்தானம்மா, தூங்கி எழுந்தா வந்துரும்" என்று போனில் சொன்னாள். டிக்கெட் போட்டுக் கொடுத்தவரும் அதையே சொன்னார். அம்மா சர்க்கரைக்காரி. துபாயில் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை, மாத்திரை டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, நம்ம ஊர் நேரமே ஓடுகிற கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப ராத்திரி மாத்திரையா, காலை மாத்திரையாடா?" என்று கேட்டாள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சான் பிரான்சிஸ்கோ கோடையில் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் போட்டிருக்கும், கழித்துப் பார்த்தால் பயணம் பாதியாகத் தெரியும். நான் அவளோடு போயிருக்காவிட்டால் என்ன செய்திருப்பாள்?

இத்தனைக்கும் பயணம் மீனம்பாக்கத்திலா தொடங்குகிறது? பாளையங்கோட்டை வீட்டு வாசலில் தொடங்குகிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி, அப்புறம் மூன்று மணி நேரம் முன்னாலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். பக்கத்தில் வாகைக்குளத்தில் இருக்கிற தூத்துக்குடி விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள், சந்தோஷம், ஆனால் அங்கே வந்து போவது உள்நாட்டு விமானம்தான். வளைகுடாவுக்குப் போகிற நம்ம பையன்கள் இன்னும் நாகர்கோவில் தாண்டித் திருவனந்தபுரத்துக்குத்தான் ஓடுகிறார்கள்.

இதில் போக ஒரு நேரம், வர ஒரு நேரம். வானத்தின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிற காற்று ஒரு பக்கம் தள்ளிவிடும், மறுபக்கம் இழுத்துப் பிடிக்கும். இந்தக் கணக்கில் இரண்டுக்கும் ஒரே எண். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகிற நம்ம விமானங்கள் சுற்றிக்கொண்டு போயின, ஆனால் இந்தக் கோடு அசையவே இல்லை.

இந்தக் கணக்கை இணையத்தில் போடுகிறவர்களே, நேர் விமானம் இல்லையென்றால் இல்லை என்று முதல் வரியிலேயே போடுங்கள். இது வெறும் கோட்டுத் தூரம், மாறி ஏறுகிற நேரம் இதில் சேராது என்று பெரிய எழுத்தில் போடுங்கள். படிக்கிறவர்கள் பெற்றவர்களுக்கு மாத்திரை எடுத்து வைப்பதே அந்த எண்ணைப் பார்த்துத்தான்.