எந்த நாளை காலை?

இன்று வாட்ஸ்அப்பில் மறுபடியும் வந்துவிட்டது அந்தச் செய்தி. அதே குழந்தை, அதே ஆக்சிஜன் குழாய், கை மாறிக் கை மாறி மங்கிப்போன அதே படம். "அவசரம்! நாளை காலை ஆபரேஷன்! மனசு இருந்தால் பகிரவும்!" எந்த நாளை? தேதி இல்லை, மருத்துவமனை பெயர் இல்லை. கீழே ஒரு போன் நம்பர். மேலே, பலமுறை சுற்றிய செய்தி என்று காட்டும் இரட்டை அம்புக்குறி மட்டும் பளிச்.

"அந்த நம்பருக்குப் போன் செய்து பார்த்தீர்களா?" என்று அனுப்பியவரிடம் கேட்டேன். "ஒருவேளை உண்மையாக இருந்தால்?" என்கிறார். உண்மையாக இருந்தால் போன் செய்யுங்களேன் சாமி! அதற்கு நேரமில்லையாம். பலமுறை சுற்றிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் 2020-லேயே கட்டிப்போட்டது. அப்படியும் உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தள்ளுகிறார்கள். என்ன பொறுமை!

"ஒவ்வொரு பகிர்வுக்கும் கம்பெனி சிகிச்சைக்குப் பணம் தரும்" என்று ஒரு வகை. எந்தக் கம்பெனி? யார் உட்கார்ந்து எண்ணுகிறார்கள்?

இது இணையம் கொண்டுவந்த வியாதியும் இல்லை. 1989-ல் மூளைக்கட்டியோடு இருந்த கிரெய்க் ஷெர்கோல்டு என்ற பிரிட்டிஷ் சிறுவனுக்காக வாழ்த்து அட்டை கேட்டார்கள். 1990-ல் அதிக அட்டை பெற்றதற்கான கின்னஸ் சாதனை. 1991-ல் ஆபரேஷன் முடிந்து பையன் பிழைத்தும்விட்டான். அட்டை நின்றதா? போதும் போதும் என்று கெஞ்சியும் வருடக்கணக்கில் வந்து குவிந்தது.

இதை எழுதும்போதே டிங். அதே குழந்தை. இந்த முறை பெயர் மட்டும் வேறு.