காட்டு ராஜாவும் கணக்கு நோட்டும்

குழுவில் வந்த அந்தக் கரடிப் பதிவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். போதும், பார்த்துவிட்டேன். அதன் கீழே நான் போட்ட கமெண்ட் என்ன ஆனது என்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

"முதலாளி கிடையாது, கடன் கிடையாது, மலையும் ஆறும் துப்பாக்கியும் போதும்" என்று, கரடி குதறியும் பிழைத்த அமெரிக்கத் தோல் வேட்டைக்காரர் ஹ்யூ கிளாஸுக்கு ஆரத்தி எடுத்திருந்தார்கள். நான் முதலில் சொன்னது இதுதான். அந்த மனிதருக்கு முதலாளி இருந்தார். பெயர் வில்லியம் ஆஷ்லி. மிசூரி ஆற்றின் தலைப்பகுதி வரை போக 100 இளைஞர்கள் தேவை என்று 1822-ல் செயிண்ட் லூயிஸ் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தவர். 1823-ல் கரடி கிளாஸைக் குதறியபோது கிளாஸ் ஆஷ்லியின் கம்பெனி ஆள். காவலுக்கு விட்ட இரண்டு பேர் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு நழுவினார்கள். தவழ்ந்தும் நடந்தும் கியோவா கோட்டை என்ற வியாபார நிலையம் வரை வந்து பிழைத்தவர் அப்புறம் எங்கே போனார்? அதே ஆறு, அதே தோல் வியாபாரம். பத்து வருஷம் கழித்து யெல்லோஸ்டோன் கரையில் அரிக்காரா பூர்வகுடி மக்கள் கையில் சாகும்வரை அதுதான். இதுதான் உங்கள் சுதந்திர மனிதன்.

தொழிலைக் கொஞ்சம் பாருங்கள். பீவர் என்பது ஆற்றில் வாழும் விலங்கு. அதன் ரோமம் அடர்த்தியாக இருப்பது குளிர் பருவத்தில். நடுக்குளிரில் ஆறு உறைந்துவிடும். அதனால் பனி உருகும்போதும், பனி விழுவதற்கு முன்னாலும் பனிக்கட்டி போன்ற தண்ணீரில் இறங்க வேண்டும். மனித வாடை கரையில் படக்கூடாது என்று தண்ணீருக்குள்ளேயே நடப்பார்கள். ஐந்து பவுண்டு இரும்புப் பொறியை நீருக்குள் வைத்து, மேலே ஒரு குச்சியில் பீவரின் சுரப்பி நீரைத் தடவுவார்கள். மாட்டிய விலங்கு ஆழத்துக்குப் பாய்ந்து, பொறியின் கனத்தில் மூழ்கிச் சாகும். பொறி வைத்தவருக்கு மூட்டுவலி வாழ்நாள் முழுக்க. எல்லாம் எதற்கு? கிழக்கேயும் லண்டனிலும் கனவான்கள் தலையில் ஒரு தொப்பி.

சம்பாத்தியம்? வருஷத்துக்கு ஒருமுறை ராக்கி மலையில் சந்தை. முதலாவது 1825, கடைசி 1840. ஆஷ்லி 1826-ல் வியாபாரத்தைக் கைமாற்றிய ஒப்பந்தத்தில் விலைப்பட்டியலே இருக்கிறது. சர்க்கரை பவுண்டு 1 டாலர், காபி 1.25, வெடிமருந்து 1.50. அதுவும் மொத்த விலை. பொறி வைப்பவர் கைக்கு வரும்போது இன்னும் ஏறும். அவர் கொடுக்கும் பீவர் தோலோ பவுண்டு 3 டாலர் கணக்கு. ஒரு தோல் ஒன்றரைப் பவுண்டு தேறும். வருஷ உழைப்பு காபியிலும் சாராயத்திலும் கரைந்துவிடும். அடுத்த வருஷத்துப் பொறி கடனில்தான் வரும்.

எங்கள் சித்தப்பா குமாரபாளையத்தில் முன்பணம் வாங்கித் தறி ஓட்டியவர். செயிண்ட் லூயிஸுக்கு எங்களைப் பார்க்க வந்தபோது, ஆற்றங்கரையில் வைத்து இந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். கரடியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. "கணக்கு நோட்டு யாரு கையில இருந்துச்சு?" என்றார். அவ்வளவுதான் கேள்வி. அந்தப் பதிவின் கீழே இத்தனை பேர் குவிந்தும் யாருக்கும் தோன்றாத கேள்வி.

"கம்பெனியைச் சாராத சுதந்திர டிராப்பர்கள் (பொறி வைப்பவர்கள்) இருந்தார்களே, படிக்காமல் பேசாதே" என்று ஒருவர் வந்தார். இருந்தார்கள், ஐயா. யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். யாரிடம்? மலை ஏறி வருகிற வியாபாரி சொன்னதுதான் விலை. 1825-ல் பிரிட்டிஷ் தோல் வியாபாரக் கம்பெனியான ஹட்சன் பே கம்பெனியில், ஆக்டன் என்பவர் நடத்திய குழுவிலிருந்து இரோக்வா பூர்வகுடி ஆட்கள் தோல்களோடு அமெரிக்கர் பக்கம் தாவியது ஏன்? கடனும் விலையும்தான் காரணம். சுதந்திரமாக இருந்தவர்கள் எதற்கு ஓடுகிறார்கள்? "விரும்பித்தானே போனார்கள்" என்பதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. சிலர் விரும்பினார்கள். சரி.

அந்தப் பதிவில் இருந்த "தனி மனிதன்" என்ற வார்த்தைதான் எனக்கு இன்னும் எரிகிறது. அந்தக் காலத்து இன்னொரு டிராப்பரான ஜிம் பிரிட்ஜரின் மூன்று மனைவிகளும் பூர்வகுடிப் பெண்கள்: ஃபிளாட்ஹெட், யூட், ஷோஷோனி. இப்படிப்பட்ட பெண்கள்தான் தோலைச் சுரண்டிப் பதப்படுத்தினார்கள், செருப்புத் தைத்தார்கள், மொழிபெயர்த்தார்கள், தங்கள் சொந்தங்களிடம் இவர்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பதிவில் போட்ட படத்தில் ஒரு பெண்ணாவது இருக்கிறாளா? கரடி இருக்கிறது. நன்றாக ட்ரிம் செய்த தாடியோடு ஹீரோ இருக்கிறார்.

1837-ல் அமெரிக்கன் ஃபர் கம்பெனியின் நீராவிப் படகு மிசூரியில் மேலே போனபோது பெரியம்மையும் கூடவே போனது. ஆற்றங்கரையில் வாழ்ந்த மாண்டன் பூர்வகுடி மக்களில் பத்தில் ஒன்பது பேர் செத்ததாகக் கணக்கு. இதைச் சொன்னதற்குத்தான் அட்மின் என் கமெண்டை "நெகட்டிவிட்டி" என்று தூக்கினார். ஒரு ஊரே அழிந்தது நெகட்டிவிட்டியாம். நான் யாரையும் திட்டவில்லை, மரியாதையாகத்தான் எழுதினேன். "வீட்டில் ஏசியில் உட்கார்ந்திருப்பவனுக்கு வீரம் தெரியாது" என்று எழுதியவரின் கமெண்ட் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அவர் எந்த ஆற்றில் இறங்கி நின்று டைப் அடித்தாரோ.

அந்த அமெரிக்கன் ஃபர் கம்பெனியைத் தொடங்கிய ஜான் ஜேக்கப் ஆஸ்டர் ராக்கி மலையில் ஒரு பொறிகூட வைத்தவரில்லை. 1834-ல் தொழிலை விட்டு விலகினார். 1848-ல் சாகும்போது அமெரிக்காவிலேயே பெரிய பணக்காரர். அவர் படத்தைப் போட்டு "இவரைப் போல வாழணும்" என்று எழுதியிருந்தால்கூட நேர்மையாக இருந்திருக்கும்.

அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டேன். என்னைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி அட்மினிடம் யாரும் தூது போக வேண்டாம். கடன், விலை, மாண்டன், எதைப் பற்றியும் இங்கே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கரடி மீம் போடுகிறவர்களை பிளாக் செய்துகொண்டிருக்கிறேன்.