அகராதியும் படிக்கலாம் சார்
கதை எழுதணும்னா கதை மட்டும் படிச்சா போதும்னு கட்டுரைல சொல்லிருக்கீங்க, எனக்கு அது ஒத்துவரல சார். போன மாசம் கையில கிடைச்சதெல்லாம் படிச்சேன், உ.வே.சா.வோட என் சரித்திரம் (1940ல விகடன்ல தொடரா ஆரம்பிச்சது, 1942ல அவர் போயிட்டதால பாதியிலயே நின்னுபோச்சு), ஒரு பறவை புத்தகம், அப்புறம் கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி. அகராதிய போய் யாராவது வரிசையா படிப்பாங்களான்னு வீட்ல ஒரே சிரிப்பு. ஆனா ரெண்டு மாசமா நகராம கெடந்த என் கதைல வர்ற பாட்டி அதுக்கப்புறம்தான் பாட்டி மாதிரி பேச ஆரம்பிச்சா, அதுவரைக்கும் நியூஸ் வாசிச்சிட்டிருந்தா பாவம். உ.வே.சா. ஏடு தேடிப் போன ஊரையெல்லாம் எவ்ளோ நிதானமா சொல்றாரு, நான் ஊர் பேர மட்டும் எழுதிட்டு ஓடிடுவேன். பறவை புத்தகம்தான் இன்னும் பாதில கெடக்கு.