சுவத்த உடைக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க

நூறு வருஷம் தாண்டின வகுப்பறைக் கட்டிடத்தப் புதுப்பிக்கறேன்னு எறங்குறவங்க நெறைய பேர் முதல்ல செய்யறது பழைய காரையக் கொத்தித் தள்ளிட்டு சிமெண்ட் பூசறதுதான். நான் படிச்ச டிபார்ட்மெண்ட்லயும் இதத்தான் செஞ்சாங்க. திறப்பு விழா அன்னைக்கு பளிச்சுனு இருந்துச்சு, நானும் கைதட்டினேன். ரெண்டு மழைக்காலம் போச்சு, சுவத்தோட அடியில உப்பு பூத்து பெயிண்ட் பொரிப்பொரியா கிளம்பி, தொட்டா செங்கல் மாவா உதிருது. அன்னைலேர்ந்து இந்த விஷயத்துல எனக்கு மனசே ஆறல.

காரணம் ஒண்ணும் பெரிய மர்மம் இல்லங்க. பழைய செங்கல் மிருதுவானது, அத இணைச்ச சுண்ணாம்புச் சாந்து அதவிட மிருதுவானது. தரையிலேர்ந்து ஏறுற ஈரம் அந்தச் சாந்து வழியாவே வெளிய போயிடும். நாம மேல சிமெண்ட்ட அடைச்சா ஈரம் வேற வழியில்லாம செங்கல் வழியா வருது, வரும்போது கொண்டுவர்ற உப்பு உள்ளயே படிகமாகி செங்கல் முகத்தையே உடைச்சிடுது. சுண்ணாம்பு போனா திரும்பப் பூசிக்கலாம், அந்தச் செங்கல்லுக்கு எங்க போவீங்க? இத்தனைக்கும் பல எடத்துல ஈரத்துக்கு மூலமே கூரை ஒழுகலும் அடைச்சுக் கெடக்கற மழைநீர்க் குழாயும்தான், அத மொதல்ல சரி பண்ணினாலே பாதி வேலை முடிஞ்சுது.

பொறுமையா செஞ்சா என்ன கிடைக்கும்ங்கறதுக்கு அமெரிக்காவுல வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ரோட்டண்டாங்கற வட்டமான குவிமாடக் கட்டிடம் இருக்கு. அமெரிக்க ஜனாதிபதியா இருந்த தாமஸ் ஜெஃபர்சன் வடிவமைச்சது, 1895ல தீப்பிடிச்சு உள்பக்கமெல்லாம் போயிடுச்சு, திரும்பக் கட்டினாங்க. 2012லேர்ந்து 2016 வரைக்கும் நடந்த புதுப்பிப்புல, 2015ல சுவத்துக்குள்ள ஒரு பழைய கெமிஸ்ட்ரி அடுப்பு கிடைச்சுது, ஆரம்ப காலத்துல பசங்க பரிசோதனை செஞ்ச எடம். யாரோ எப்பவோ செங்கல் வச்சு மூடினதாலதான் அது தீயிலயும் தப்பிச்சுது. அந்த சுவத்த ஆளுங்க நிதானமா பாக்காம ஒரே நாள்ல இடிச்சுத் தள்ளியிருந்தா? நெனச்சாலே பகீர்ங்குது.

இன்னொரு பக்கம் ஸ்காட்லாந்துல இருக்கற கிளாஸ்கோ கலைப் பள்ளி. கட்டிடக் கலைஞர் மெக்கின்டாஷ் வடிவமைச்ச அதோட கட்டிடத்துல 2014ல தீ, அந்த அழகான மரவேலை லைப்ரரி போச்சு. பழைய காத்துக் குழாய்கள் வழியாதான் தீ மளமளன்னு மேல ஏறிச்சு. கோடிக்கணக்குல செலவு பண்ணி சீரமைச்சு முடியப் போற நேரத்துல, 2018 ஜூன்ல மறுபடியும் தீ, இந்தத் தடவ முன்னத விட மோசம். வேலை நடக்கற காலம்தான் ஒரு பழைய கட்டிடத்துக்கு ரொம்ப ஆபத்தான காலம்னு எனக்கு அதுலதான் உறைச்சுது, வெல்டிங், தற்காலிக வயரிங், ராத்திரில ஆள் இல்லாத சாரம், எல்லாம் ஒண்ணா இருக்கற நேரம் அது.

அதுக்காக ஒண்ணையும் தொடாதீங்கன்னு சொல்லல. சக்கர நாற்காலில வர்ற பொண்ணும் அந்த மாடி வகுப்புக்குப் போகணும், லிஃப்ட் வேணும், நல்ல டாய்லெட் வேணும். புதுசா சேக்கறது புதுசுன்னு தெரியட்டும், பழசு மாதிரி போலியா செய்ய வேண்டாம், பழைய கட்டிடங்களப் பாதுகாக்கறதுக்கான சர்வதேச நெறிமுறையான 1964 வெனிஸ் சாசனமே அதத்தான் சொல்லுது. ஆனா கட்டிடத்த முழுசா அலுவலகமா மாத்தி பசங்கள வெளிய அனுப்பறத மட்டும் என்னால ஏத்துக்கவே முடியல, பாடம் நடக்கறதுக்குன்னு கட்டினது அது.

டெண்டர்ல கையெழுத்து போடறவங்க கிட்ட என் வேண்டுதல் இதுதான்: திறப்பு விழா தேதிய கடைசியா முடிவு பண்ணுங்க, சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார மொதல்ல தேடுங்க, கொத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவத்தையும் போட்டோ எடுத்து வைங்க.