சிலையை விட அந்தப் பெண்களின் எழுத்தே எனக்குப் பெரிது

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், கவுன்சில் குரோவ் என்ற ஊரில் 1928இல் ஒரு சிலையை நிறுவினார்கள். மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்த தாய்மாரைப் போற்றுவதற்காக 12 மாநிலங்களில் ஒரே வடிவில் வைக்கப்பட்ட சிலைகளில் அதுவும் ஒன்று. ஒரு கையில் குழந்தை, மறுகையில் துப்பாக்கி, பாவாடையைப் பற்றிக்கொண்டு நிற்கும் சிறுவன் என்று அந்தத் தாய் வீராங்கனையாக நிற்கிறாள்.

அதே 1920களில் லில்லா டே மன்ரோ வேறொரு வேலையில் இறங்கியிருந்தார். வழக்கறிஞரும் பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவருமான அவர், கான்சாஸ் புல்வெளியில் முதன்முதலாகக் குடியேறிய தலைமுறைப் பெண்களிடம் அவர்களது நினைவுகளை எழுதித் தருமாறு கேட்டு, ஏறத்தாழ 800 பேரின் எழுத்தைத் திரட்டினார். 1929இல் அவர் இறந்த பிறகு நெடுங்காலம் பரணில் கிடந்த அந்தத் தாள்களை, 1975இல் கொள்ளுப்பேத்தி ஜோனா ஸ்ட்ராட்டன் கண்டெடுத்து 1981இல் நூலாக்கினார்.

அந்த வாழ்க்கையில் துப்பாக்கியை விடத் தண்ணீர் வாளிக்குத்தான் வேலை அதிகம். விறகுக்கு மரமே இல்லாத வெளியில் காட்டெருமைச் சாணத்தின் காய்ந்த வில்லைகளைப் பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கி வந்து அடுப்பெரித்தார்கள். புல்லும் வேருமாக வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிய வீட்டில், மேலிருந்து மண்ணும் பூச்சியும் சோற்றில் விழாதிருக்கக் கூரைக்கடியில் துணி கட்டினார்கள். பெருமழை பெய்தாலோ, வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே ஒழுகிக்கொண்டிருக்கும். 1874இல் வெட்டுக்கிளிகள் வந்திறங்கியபோது காய்கறிப் பாத்திகளின் மேல் போர்வைகளை விரித்துப் பார்த்தார்கள். போர்வையையும் அவை தின்று தீர்த்தன.

இவற்றை வெறும் துணிச்சல் கதைகளாகப் படிப்பதை நான் ஏற்கவில்லை. கவுன்சில் குரோவைச் சுற்றியிருந்த நிலம் கான்சா பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டதாக இருந்தது. மாநிலத்தின் பெயரே அவர்களிடமிருந்து வந்ததுதான். 1873இல் அவர்களைத் தெற்கே அனுப்பிவிட்டார்கள். குடியேறியவர்களின் எழுத்தை அந்த வெளியேற்றத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆனாலும் அதைக் காரணம் காட்டி இந்தத் தாள்களை ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி, ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டால் 160 ஏக்கர் கிடைக்கும்; மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தம் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம், ஆனால் கணவனோடு வாழும் பெண்ணுக்குப் பொதுவாக அந்த உரிமை இல்லை. ஆகவே, வீட்டையும் வயலையும் சேர்ந்து உருவாக்கிய மனைவியரின் பெயரை நிலப் பதிவேட்டில் தேடிப் பயனில்லை. அவர்கள் உழைத்ததற்கு அவர்களே கைப்பட எழுதிய இந்தத் தாள்கள்தான் ஆவணம்.