மதில் கட்டுங்கள், ஒரு பக்கத்தைக் கொவ்வைக்கு விடுங்கள்

யாழ்ப்பாணத்தில் இப்போது வீடு திருத்தினால் முதல் வேலை, வேலியைப் பிடுங்கி மதில் எழுப்புவதுதான். வேலி அடைக்க ஆள் கிடைப்பதில்லை, கிடுகும் விலை. அதெல்லாம் சரி. ஆனால் வேலியோடு சேர்த்துக் கொவ்வையையும் வெட்டி எரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கிளுவையிலும் பூவரசிலும் தொற்றி ஏறுகிற இந்தக் கொடி நம்மிடம் எதையும் கேட்பதில்லை. கோடையில் கொடி காய்ந்தாலும் நிலத்துக்குள் கிழங்கு போல வேர் பருத்துக் கிடக்கும், மாரி மழை விழத் துளிர்த்துவிடும். தோட்டத்துக்குப் போடும் உரத்தால் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடிவிட்டதென்று கவலைப்படும் இந்தச் சுண்ணாம்புக்கல் மண்ணில், உரமே போடாமல் காய்க்கிற மரக்கறியை ஏன் பிடுங்குகிறோம்?

பிஞ்சுக்காயை மெல்லியதாக வெட்டி, வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு வதக்கினால் சோற்றுக்கு வேறு கறி தேவையில்லை. இளம் இலையைத் தேங்காய்ப்பூவோடு வறை செய்யலாம். காட்டுக் கொவ்வையில் சில கொடிகளின் காய் கசக்கும். அதைப் பழுக்க விடுங்கள், கிளியும் குயிலும் வரும்.

‘எங்கள் வீட்டுக் கொடி பூக்கிறது, காய்ப்பதில்லை’ என்று சொல்லியும் வெட்டுகிறார்கள். கொவ்வையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. வெள்ளைப் பூவின் அடியில் குட்டிக் காய் போல ஒரு புடைப்பு இருந்தால் அது பெண். ஆண் கொடி காய்க்காது, ஆனால் அதன் மகரந்தம் இல்லாமல் பக்கத்து வளவுக் கொடியும் சரியாகக் காய்க்காது.

நீரிழிவுக்கு இதன் இலைச்சாற்றைக் குடிக்கச் சொல்லும் பதிவுகளை நான் பகிர மாட்டேன். இலைக்குச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உண்டென்று ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது.

ஹவாயில் இது மரங்களை மூடிக் கொல்லும் களை என்பதும் உண்மை. 1996இல் கென்யாவிலிருந்து கொண்டுபோன ஓர் அந்துப்பூச்சியை அங்கே இதற்கெதிராக விட்டார்கள். அது அந்நியச் செடியாகப் போய்ச் சேர்ந்த தீவு. இங்கே இதைத் தின்னும் பூச்சியும் உண்டு, வாட்டும் வெயிலும் உண்டு. அதனால் வெளிநாட்டில் இருக்கும் உறவுகளே, ஊர் ஞாபகத்துக்கென்று இதன் தண்டையோ விதையையோ பெட்டியில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள்.

ஊரில் இருப்பவர்கள், மதிலின் பின்பக்கத்தில் நாலு கிளுவைக் கதியாலை நட்டுவிடுங்கள். காய் கசக்காத பெண் கொடியாகப் பார்த்து, முற்றிய தண்டில் ஒரு சாண் வெட்டி மாரி தொடங்கும்போது ஊன்றினால் போதும்.